கலைக்காமல் கலைப்பது

(முன்னாள் மாணவர் சந்திப்பின் மாலை நிகழ்ச்சியில் பேசியதன் எழுத்து வடிவம். சீட்டுகளோடு காட்டிய சில இடங்கள் மட்டும் வார்த்தையில் விளக்கப்பட்டுள்ளன.)



சங்கத்தின் செயலாளர் போனில் கூப்பிட்டு, "நீ ஏதோ சீட்டு மேஜிக் எல்லாம் பண்றியாமே, இருபது நிமிஷம் பேசேன்" என்றார். பேசவா, பண்ணவா என்று கேட்டேன். "ரெண்டும்தான்" என்றார். மைக்கைப் பிடித்த கையால் சீட்டைப் பிடிக்க முடியாது என்பது அவருக்குத் தெரியவில்லை. அதனால் முதலில் பேசிவிடுகிறேன். கடைசியில் ஒரே ஒரு விஷயம் செய்து காட்டுகிறேன்.

நான் பேசப் போவது சீட்டு மேஜிக்கில் ஒரு மூலையைப் பற்றி. மேஜிக் என்றதும் சீட்டு மறைகிறது, காதிலிருந்து வருகிறது, அதைத்தான் எல்லோரும் நினைப்பார்கள். எனக்குப் பிடித்தது பார்ப்பதற்கு ஒன்றுமே நடக்காத வித்தை. ஒரு கட்டை எடுத்து நன்றாகக் கலைக்கிறேன். நீங்கள் பார்க்கிறீர்கள். கலைத்து முடித்த பின் 52 சீட்டும் முதலில் எந்த வரிசையில் இருந்ததோ அதே வரிசையில் இருக்கிறது. இதற்குப் பெயர் பொய்க் கலைப்பு. இதைச் சரியாகச் செய்தால் கைதட்டலே வராது. நன்றாகச் செய்ததற்கு அடையாளமே யாரும் கவனிக்காததுதான். (இப்படி ஒரு கலையில் பதினைந்து வருஷம் செலவு செய்தேன் என்று சொன்னால் என் மனைவி உங்களைவிட அதிகமாகச் சிரிப்பாள்.)

முதலில் உண்மைக் கலைப்பு எவ்வளவு பெரிய விஷயம் என்று பார்ப்போம். 52 சீட்டை எத்தனை விதமாக அடுக்கலாம்? 8 போட்டு அதன் பின்னால் 67 இலக்கம் போடுகிற அளவுள்ள எண். நீங்கள் இன்று ராத்திரி ஒரு கட்டை நன்றாகக் கலைத்தால், அந்த வரிசை உலகத்தில் இதற்கு முன் எந்தக் கையிலும் வந்திருக்காது என்று தைரியமாகச் சொல்லலாம். "நன்றாக" என்றால் எவ்வளவு? 1992ல் டேவ் பேயர், பெர்சி டயக்கோனிஸ் என்ற இரண்டு கணிதப் பேராசிரியர்கள் இதற்கு விடை சொன்னார்கள். கட்டை இரண்டாகப் பிரித்து, கட்டைவிரலால் விர்ரென்று விட்டுப் பின்னுகிறோமே, அந்த ரிஃபிள் முறையில் ஏறக்குறைய 7 தடவை கலைக்க வேண்டும். நாம் மூன்று தடவையோடு போட ஆரம்பித்துவிடுகிறோம்.

காரணம் சுலபம். ஒரு தடவை ரிஃபிள் செய்தால் பழைய வரிசை இரண்டு இழையாகப் பிரிந்து பின்னிக்கொள்கிறது, ஆனால் ஒவ்வொரு இழைக்குள்ளும் வரிசை அப்படியே இருக்கிறது. இரண்டாம் தடவை 4 இழை, மூன்றாம் தடவை 8. ஐந்து தடவை கலைத்தாலும் அதிகபட்சம் 32 இழைதான். கட்டைத் தலைகீழாக வரிசைப்படுத்த 52 இழை வேண்டும். அதனால் ஐந்து ரிஃபிளில் அந்த வரிசை வரவே வராது. இழை பார்க்கத் தெரிந்தவனுக்கு மூன்று தடவை கலைத்த கட்டு பாதி திறந்த புத்தகம்.

இந்த டயக்கோனிஸ் 14 வயதில் வீட்டை விட்டுப் போய் டாய் வெர்னன் என்ற மேஜிக் நிபுணரோடு ஊர் ஊராகச் சுற்றியவர். பிறகுதான் கணிதம் படித்து பேராசிரியரானார். நம் அட்டெண்டன்ஸ் விதிகளின்படி அவருக்கு ஹால் டிக்கெட்டே கிடைத்திருக்காது.

அவரைப் பற்றி இன்னொன்று, இது பொறியியல் மாணவர்களுக்காக. சூதாட்ட விடுதிகளுக்குச் சீட்டுக் கலைக்கும் இயந்திரம் செய்கிற நிறுவனம் ஒன்று, தங்கள் புது மாடலைச் சோதித்துத் தரும்படி அவரையும் சூசன் ஹோம்ஸ் அம்மையாரையும் கேட்டது. உள்ளே 10 தட்டுகள். ஒவ்வொரு சீட்டும் ஏதோ ஒரு தட்டில் மேலாகவோ கீழாகவோ போய் விழும். பார்த்தால் பக்காவான கலைப்பு. முறையாகக் கலைந்த கட்டில் ஒவ்வொரு சீட்டாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டே அடுத்ததை ஊகித்தால், சராசரியாக நாலரை சீட்டு சரியாக வரும். இந்த இயந்திரம் கலைத்த கட்டில் ஒன்பதரை சீட்டை ஊகிக்கலாம் என்று அவர்கள் காட்டினார்கள். இயந்திரமே தெரியாமல் பொய்க் கலைப்பு செய்துகொண்டிருந்தது! நிறுவனத்துக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் ஒப்புக்கொண்டது. ஆய்வு 2013ல் அச்சில் வந்தது. நான் வேலை பார்ப்பது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில், குவாலிட்டி பிரிவில். புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் சொல்கிற முதல் கதை இதுதான்.

சரி, நம் ஹாஸ்டலுக்கு வருகிறேன்.

நான் 2008ல் சேர்ந்தேன். எங்கள் விங்கில் சீட்டு நடக்காத ராத்திரி கிடையாது. ரம்மிதான் அதிகம், மாசக் கடைசியில் மூணு சீட்டு. வார்டன் சார் முன்வரிசையில் இருக்கிறார், அவருக்கு இது புதுச் செய்தியாக இருக்காது. எனக்கு ஆடுவதைவிடக் கலைப்பதில்தான் ஆசை. இரண்டாம் வருஷம் கம்ப்யூட்டர் லேபில் ஒரு புத்தகம் கண்ணில் பட்டது. 1902ல் சிகாகோவில் வெளியானது. எஸ். டபிள்யூ. எர்ட்னேஸ் என்ற பெயரில் யாரோ எழுதியது. அது யார் என்று இன்றுவரை நிச்சயமாகத் தெரியாது. சீட்டில் ஏமாற்றுவது எப்படி என்று ஒரு பொறியாளன் எழுதுகிற மாதிரி, எந்த விரல் எங்கே, எந்த நேரத்தில் என்று படம் போட்டு எழுதியிருக்கிறான். நூறு வருஷம் தாண்டியதால் யார் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளலாம். நான் லேப் பிரிண்டரில் அச்சடித்தேன், லேப் ரெக்கார்டு என்று சொல்லி. லேப் அண்ணன் வந்திருந்தால் மன்னிக்கணும்.

அதில் முதலில் கற்றது, நாம் எல்லோரும் செய்கிற கைக்கலைப்பின் பொய் வடிவம். மேலே உள்ள சீட்டுகளைக் காப்பாற்ற வேண்டும் என்று வையுங்கள். கட்டின் அடிப்பாதியை உருவி எடுத்து மேல்பாதியின் மீது கலைக்க ஆரம்பிக்க வேண்டும். முதலில் விழுகிற ஒரு சீட்டை மட்டும் அரை அங்குலத்துக்கும் குறைவாக உடம்புப் பக்கம் நீட்டிவிட வேண்டும். மீதியை அதன் மேல் தாறுமாறாகக் கலைக்கலாம். முடிந்ததும் நீட்டிய சீட்டுதான் எல்லைக்கல். அதன் கீழே உள்ளதை உருவி மேலே போட்டால், பழைய மேல்பாதி ஒரு சீட்டு மாறாமல் மேலேயே வந்துவிடும். பாதிக் கட்டு நிஜமாகவே கலைகிறது, அதனால் கண்ணுக்குச் சந்தேகம் வராது. சீட்டை நீளவாக்கில் பிடித்துக் கொத்துக் கொத்தாக விடுகிற இன்னொரு முறைக்கு, நம் நாட்டுப் பழக்கத்தை வைத்து மேல்நாட்டு மேஜிக் புத்தகங்களில் "இந்து ஷஃபிள்" என்றே பெயர். அதிலும் இதேபோல் பல தந்திரம் உண்டு.

ஆறு மாதம் தினமும் செய்தேன். கை வேர்த்தால் சீட்டு ஒட்டும், அதற்குப் பவுடர். பழைய கட்டு நொந்துபோனால் மெஸ்ஸில் அரிசி மூட்டைக்கடியில் ஒரு ராத்திரி வைத்து நிமிர்த்துவேன்.

மூன்றாம் வருஷம், ஒரு மாசக் கடைசி. மூணு சீட்டு. ஐந்து பேர். நான் போடுகிற முறை. இதை நான் மேடையில் சொல்வதென்று இரண்டு மாதம் யோசித்துத்தான் வந்திருக்கிறேன். முந்தின ஆட்டத்தில் திறந்து கிடந்த சீட்டுகளைப் பொறுக்கும்போது மூன்று ராஜாவை 5, 10, 15 என்ற இடங்களில் வைத்துவிட்டேன். போடுகிறவனுக்கு அந்த மூன்றும்தான் வரும். பிறகு கைக்கலைப்பு, எல்லைக்கல், எல்லாம் படித்தபடியே நடந்தது. ஆனால் எந்தப் பொய்க் கலைப்பும் ஒரு வெட்டில் செத்துப்போகும். வலது கைப்பக்கம் இருக்கிறவன் கட்டை வெட்ட வேண்டும், அதுதான் முறை. வெட்டுக்கு என்ன செய்வதென்று எனக்கு அப்போது தெரியாது. நான் வெட்டும்படி கட்டை நீட்டினேன். வலப்பக்கம் இருந்தவன் என் அறைத்தோழன். அவன் வெட்டவில்லை. ஒரு விரலால் கட்டைத் தட்டிவிட்டு, "நீ கலைச்சதுக்கு வெட்டு எதுக்குடா, போடு" என்றான்.

போட்டேன். அந்த ஒரு ஆட்டத்தில் எனக்கு 640 ரூபாய் வந்தது. அதில் 300 அவனுடையது. அரியர் பேப்பருக்குக் கட்ட வைத்திருந்த பணம். மறுநாள் காலையில் விங் முழுக்கக் கடன் கேட்டான். மாசக் கடைசி, யாரிடமும் இல்லை. கடைசியில் என்னிடம் வந்தான். நான் கொடுத்தேன். "கடனா வெச்சுக்கடா, மெதுவா குடு" என்றேன். அடுத்த மாதம் வீட்டிலிருந்து பணம் வந்ததும் முதல் வேலையாக முந்நூறைத் திருப்பிக் கொடுத்தான். வாங்கிப் பர்ஸில் வைத்தேன்.

அதற்குப் பிறகு நான் பணம் வைத்து ஆடவில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. ஆட உட்கார்ந்தால் அந்த விரல் தட்டுகிற சத்தம் கேட்டது, அவ்வளவுதான். ஆனால் சீட்டை விட முடியவில்லை.

வேலைக்குப் போன பிறகுதான் இதை முறையாகப் பயின்றேன். நான் எடுத்துக்கொண்டது ஸாரோ ஷஃபிள். ஹெர்ப் ஸாரோ தொழிலால் கணக்காளர். மேடை மேஜிக்காரர் இல்லை. அவர் உருவாக்கிய இந்த முறை 1957ல் அச்சில் வந்தது. அதற்கு முன் சூதாடிகள் செய்த முறை வேறு: பின்னிய இரண்டு பாதியையும் சாய்வாக ஒன்றுக்குள் ஒன்று முழுக்கத் தள்ளி, மறுபக்கம் உருவி எடுத்துவிடுவார்கள். நன்றாகச் செய்தால் அழகு, கொஞ்சம் பிசகினால் உருவுவது தெரியும். ஸாரோ முறையில் சீட்டுகள் கண் முன்னே நிஜமாகப் பின்னும். ஆனால் பின்னியதை நெருக்கிச் சதுரமாக்கும் அந்த ஒரு கணத்தில், ஒரு பாதி பின்னலிலிருந்து விடுபட்டு, மேலே உள்ள ஓரிரு சீட்டின் மறைவில் மற்ற பாதியின் மேல் போய் உட்கார்ந்துவிடும். மேலே ஒரு சீட்டு கூரை மாதிரி, அதன் கீழே நடப்பது தெரியாது. வெறும் மேஜையில் சரியாக வராது, மெத்தென்ற துணி வேண்டும். நான் போர்வையை நாலாக மடித்துத் தரையில் போட்டுச் செய்வேன்.

இரண்டு வருஷத்தில் கை படிந்துவிட்டது. ஆனால் ஏதோ சரியில்லை. மூன்று பேருக்குக் காட்டினால் ஒருவர் கண் சுருங்கும். என்ன பார்த்தார் என்று அவருக்கே சொல்லத் தெரியாது.

அப்போது என் தொழில் புத்தி வேலை செய்தது. எங்கள் பிரிவில் ஒரு பாகம் சரியா என்று பார்க்க ஒரு மாஸ்டர் பீஸ் இருக்கும், அதோடு ஒப்பிடுவோம். என் மாஸ்டர் பீஸ் எது? என்னுடைய உண்மைக் கலைப்பு. அதை நான் ஒரு நாளும் பார்த்ததே இல்லை! செல்போனை அலமாரியில் சாய்த்து வைத்து, உண்மையாக 20 தடவை, பொய்யாக 20 தடவை கலைத்துப் படம் எடுத்தேன். ஸ்லோமோஷனில் போட்டுப் பார்த்தேன். உண்மைக் கலைப்பு மூன்றே கால் விநாடி. பொய், நாலு விநாடிக்கும் மேல். உண்மையில் கட்டைவிரல்கள் தளர்வாக இருக்கின்றன. பொய்யில் விறைத்திருக்கின்றன. உண்மையில் நான் எங்கோ பார்க்கிறேன். பொய்யில் சீட்டையே முறைக்கிறேன். சத்தம்கூட வேறு: உண்மையில் பின்னி நெருக்கும் சத்தம் ஒரே மூச்சாக வருகிறது, பொய்யில் நடுவில் ஒரு சின்ன இடைவெளி.

எல்லோரும் செய்கிற தப்பு, பொய்யை வேகப்படுத்துவது. நானும் செய்தேன். வேகம் கூடினால் விறைப்பும் கூடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் தோன்றியது: பொய்யை உண்மைபோல் ஆக்க முடியவில்லை என்றால், உண்மையைப் பொய்போல் ஆக்கினால் என்ன? அன்றிலிருந்து நான் நிஜமாகக் கலைக்கும்போதும் மெதுவாக, நெருக்கும் இடத்தில் ஒரு கணம் நின்று, அதே சாய்வில் கையை வைத்துக் கலைக்கப் பழகினேன். எங்கள் பாஷையில் சொன்னால் டிராயிங்கையே மாற்றிவிட்டேன். தொழிற்சாலையில் இதைச் செய்தால் வேலை போய்விடும். சீட்டில் இதுதான் வழி. இப்போது என் உண்மைக் கலைப்பும் பொய்க் கலைப்பும் இரட்டைப் பிள்ளைகள்.

வேகம் தேவையில்லை என்பதற்குப் பெரிய சாட்சி அர்ஜென்டினாவின் ரெனே லாவண்ட். ஒன்பது வயதில் விபத்தில் வலது கையை இழந்தவர். ஒற்றை இடக்கையால் சீட்டு மேஜிக் செய்து உலகப் புகழ் பெற்றவர். 2015ல் காலமானார். இதைவிட மெதுவாகச் செய்ய முடியாது என்று சொல்லிக்கொண்டே செய்வார், ஒவ்வொரு தடவையும் இன்னும் மெதுவாக. அமெரிக்காவில் ரிச்சர்ட் டர்னர் சிறுவயதிலேயே பார்வை மங்கத் தொடங்கி இழந்தவர். அவர் கலைப்பதைப் பார்த்தால் நமக்குக் கண் இருந்து என்ன பயன் என்று தோன்றும். சீட்டுத் தயாரிக்கும் நிறுவனமே சீட்டின் தரத்தை அவர் விரலால் தடவிச் சொல்லக் கேட்டிருக்கிறது.

இவ்வளவு செய்தும் கடைசிப் பிழையை நான் கண்டுபிடிக்கவில்லை. என் அம்மாதான். பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். அம்மா முறுக்கு பிழிந்துகொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து கலைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்குச் சீட்டில் இஸ்பேடு எது, கிளாவர் எது என்றுகூடத் தெரியாது. அச்சைப் பிழிந்துகொண்டே, "ஏண்டா, சில தடவை மட்டும் மூச்சைப் பிடிச்சுக்கிறே?" என்றார். எந்தத் தடவை என்று கேட்டேன். "தெரியலை, இப்போ பிடிச்சே, அதுக்கு முன்னாடி ரெண்டு தடவை பிடிக்கலை." சரியாகச் சொன்னார். கேமராவில் என் கை மட்டும்தான் தெரிந்தது, முகமும் மார்பும் இல்லை. கையைத் திருத்த இரண்டு வருஷம் ஆனது. மூச்சைத் திருத்த மூன்று வருஷம். நெருக்கும் கணத்தில் ஒரு வார்த்தை பேசப் பழகினேன், பேசினால் மூச்சை அடக்க முடியாது. மாணவர்களில் யாராவது கற்பதாக இருந்தால் கையை மட்டும் படம் எடுக்காதீர்கள், முழு ஆளையும் எடுங்கள். சீட்டு தெரியாத ஒருவரிடம் காட்டுங்கள்.

இனி என் அறைத்தோழன். 2021 மே மாதம், ஊரடங்கு. எல்லோரும் எல்லோருக்கும் போன் செய்துகொண்டிருந்த நேரம். அவனோடு ஒரு மணி நேரம் பேசினேன். பேச்சுவாக்கில் அவன் சொன்னான்: "அந்த வருஷம் அரியர் கட்டக் காசில்லாம அலைஞ்சப்ப எனக்குக் குடுத்தவன் நீ ஒருத்தன்தாண்டா. எம் பொண்ணுகிட்டகூடச் சொல்லியிருக்கேன்." அதற்கு மேல் என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன். ராஜா மூன்றும், எல்லைக்கல்லும், அவன் தட்டியதும், எல்லாம்.

லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை. "நான் அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டான். மூன்று மாதம் பேசவில்லை. பிறகு ஒரு நாள் மெசேஜ் வந்தது: "அந்த மூணு ராஜாவில் ஆட்டின் ராஜா இருந்ததா?" இருந்தது என்று எழுதினேன். பதில் இல்லை. நான் அனுப்பிய முந்நூறு ரூபாயும் திரும்பி வந்தது. நடுவில் இரண்டு தீபாவளிக்கு வாழ்த்து. இந்தச் சந்திப்புக்கு அழைப்பு வந்ததும், "வர்றியா?" என்று அவன்தான் முதலில் கேட்டான்.

வந்திருக்கிறான். நாலாவது வரிசை, நீலச் சட்டை. பேர் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன், ஆனால் மேடைக்கு வருகிறேன் என்று மத்தியானம் மெஸ்ஸில் சாப்பிடும்போது ஒப்புக்கொண்டான்.

இதோ புதுக் கட்டு. உங்கள் முன்னால் பிரிக்கிறேன். ஆட்டின், கிளாவர், டைமன், இஸ்பேடு, எல்லாம் வரிசையாக இருப்பதை முன்வரிசையில் இருப்பவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள். ஏழு தடவை கலைக்கப் போகிறேன். அது உண்மையா பொய்யா என்று நீங்கள் சொல்லுங்கள். கலைத்த பிறகு கட்டை அவனிடம் நீட்டுவேன்.

வாடா மேலே. தம்பி, இந்த மைக்கைக் கொஞ்சம் பிடிச்சுக்கோப்பா.